வல்லாரை மாத்திரை வாங்கலாமா? நீடாமங்கலத்துக் கேள்வியும் தொடர் குறிப்புகளும்

04.06.2025. நீடாமங்கலம் வாசகர் கேட்டது

வயது 58. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. கொஞ்ச காலமாகப் பெயர்கள் சட்டென்று வருவதில்லை. போன வாரம் கூடப் படித்தவன் ஒருவன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மன்னார்குடி வரை பேசிக்கொண்டே வந்தான். இறங்கும் வரை அவன் பெயர் எனக்கு வரவில்லை. மருந்துக் கடையில் வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் சேர்ந்த மாத்திரையைக் காட்டுகிறார்கள், மாதம் அறுநூறு ரூபாய் ஆகுமாம். மகனோ, கைபேசியில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஆடினால் போதும் என்கிறான். அக்கா, எதைச் செய்யலாம்?

04.06.2025, இரவு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. அந்த அறுநூறு ரூபாயில் இரத்தத்தில் பி12 அளவையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருக்கிறதா, அதற்கு என்ன மாத்திரை, எத்தனை வருடமாக, வீட்டில் முட்டை மீன் உண்டா, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று ஒன்றையும் எழுதாமல் மாத்திரையின் விலையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்பக்கம் நின்றே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். சன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் எப்போதும் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்.

05.06.2025

பதில் வந்துவிட்டது. எட்டு வருடமாக மெட்ஃபார்மின். சுத்த சைவம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு காஸ் மாத்திரை, அதுவும் யாரும் எழுதிக் கொடுக்காமல் தானாக வாங்கியது. பாதத்தில் சில நாள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம்.

மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பி12 செடிகொடிகளில் கிடையாது. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு, மீன், முட்டை, இறைச்சியில் நன்றாக உண்டு. உணவில் ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும், காஸ் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும், அங்கே மெட்ஃபார்மின் குறுக்கே நிற்கிறது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் அளவு இறங்குவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். இறங்கினால் பாதத்தில் மதமதப்பு, நாக்கில் எரிச்சல், சோர்வு, மறதி எல்லாம் வரும். காலத்தோடு கண்டுபிடித்தால் இது சரிசெய்யக்கூடிய மறதி.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம். சர்க்கரை ஏறினால் மூளைக்கு அதைவிடக் கெடுதல். பி12-ஐ ஈடுகட்டிக்கொண்டு மாத்திரையைத் தொடர்வதுதான் வழக்கம். காஸ் மாத்திரை தேவையா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்.

05.06.2025, சற்று நேரம் கழித்து

சுருள்பாசி மாத்திரையில் பி12 இருக்கிறதாமே என்று ஒருவர். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வகை. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிடுவதும் ஆபத்து. இரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு பாட்டுக்கு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

07.06.2025

வல்லாரையைப் பழித்துவிட்டேன் என்று நான்கைந்து பேர் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். கீரையை நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் கைப்பம்படி ஈரத்தில் அதுவாகவே படர்ந்து கிடக்கிறது. தேங்காய், புளி, காய்ந்த மிளகாய் வைத்துத் துவையல் அரைப்போம். கீரை என்ற அளவில் அது நல்ல சாப்பாடு.

ஆனால் மாத்திரைக் கதை வேறு. நீர்ப்பிரம்மியை வைத்துச் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்கள் சொற்பட்டியலைக் கொஞ்சம் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள், சிலருக்கு வயிறு கலங்கியது. மறதி நோயைத் தடுத்ததாக எதுவும் நிறுவப்படவில்லை. வல்லாரைக்கு அந்த அளவு ஆய்வுகூடக் கிடையாது. வெளிநாட்டில் இதேபோல் கொண்டாடப்பட்டது ஜிங்கோ இலை. 75 வயதைத் தாண்டிய மூவாயிரம் பேருக்குமேல் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இன்னொன்று. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பறிக்கும் வல்லாரை, களைக்கொல்லி அடித்த வயலை ஒட்டியதா என்று பார்த்துப் பறியுங்கள். நம் பக்கத்தில் இப்போது கையால் களை எடுக்கும் வயலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

09.06.2025

எது சாதாரண மறதி, எதற்குப் பயப்பட வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

பெயர் வாயில் வராமல் குளிக்கும்போது வந்தால் அது வயது. சைக்கிளைக் கடைத்தெருவில் எந்தப் பக்கம் நிறுத்தினோம் என்று தேடுவது கவனக்குறைவு, வைத்த நேரத்தில் மனம் வேறெங்கோ இருந்திருக்கும். ஐம்பது வருடமாக ரசம் வைத்தவர் புளி கரைத்த பிறகு என்ன செய்வது என்று நின்றால், குத்தகை நெல்லை விரல் நுனியில் கணக்குப் பார்த்தவர் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தடுமாறினால், பிறந்து வளர்ந்த தெருவில் வீடு தெரியாமல் திகைத்தால், ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மறுபடி மறுபடி கேட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் இதைக் கவனிப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். சம்பந்தப்பட்டவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார். நீடாமங்கலத் தம்பி தானே கவலைப்பட்டுக் கேட்டிருப்பது ஒருவகையில் நல்ல அறிகுறி.

13.06.2025

நேற்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். எங்கள் குடமுருட்டிக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் தெருவில் எல்லோரும் நாற்றங்காலைப் பற்றியே பேசுகிறார்கள். நான் காதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

என் மாமியாருக்கு மறதி வந்துவிட்டது என்று குடும்பமே முடிவு கட்டியிருந்தது. கல்யாணத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டால், பூசணிக்காய் இன்னும் பிஞ்சாக இருக்கிறது என்பார். பேரப்பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அவரும் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். என் நாத்தனார் தஞ்சாவூரில் மூளை நரம்பு மருத்துவரிடம் நாள்கூட வாங்கிவிட்டார். அந்த மருத்துவர்தான் முதலில் காதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். இரண்டு காதிலும் நடுத்தர அளவுக்குமேல் கேட்கும் திறன் போயிருந்தது.

காது மெஷின் வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாட்டிய முதல் நாளே கழற்றி எறிந்தார். குக்கர் விசிலும் மிக்ஸியும் அவர் மண்டைக்குள் ஓடினவாம். பல வருடம் அடங்கிக் கிடந்த காதுக்குச் சத்தம் எல்லாமே இரைச்சலாகத்தான் தெரியும். முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று ஏற்ற வேண்டும், ஒலி அளவைத் திருத்தத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத வீடுகளில் மெஷின் பீரோவுக்குள் தூங்குகிறது. எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் இந்தப் போராட்டம்தான். அதற்குப் பிறகு ஒரு நாள், என் கல்யாணத்தில் யார் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். யார் எழுதாமல் போனார்கள் என்பது அதைவிடத் தெளிவாக நினைவிருந்தது.

மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் தொகுத்திருக்கிறது. 2017-இல் ஒன்பது, 2020-இல் பன்னிரண்டு, 2024-இல் பதினான்கு. நடுவயதில் காது மந்தமாவதும் கெட்ட கொழுப்பு கூடுவதும்தான் அந்தப் பட்டியலில் பெரிய பங்கு, ஒவ்வொன்றும் 7 சதவீதம். நம் ஊரில் கொழுப்புக்கு இரத்தம் கொடுக்கிறார்கள், காதைப் பரிசோதிப்பவர் யாருமில்லை. மூக்குக்கண்ணாடி போட்டால் படித்தவர் என்கிறார்கள், காது மெஷின் மாட்டினால் கிழம் என்கிறார்கள். காதில் வைரத் தோடு மாட்ட மட்டும் எண்பது வயதிலும் யாருக்கும் வெட்கமில்லை.

14.06.2025

இரண்டு எதிர்வினைகளுக்குப் பதில்.

முதலாவது, திருவாரூர் ஐயா எழுதியது: 'பதினான்கையும் சரிசெய்தால் எனக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறையும் என்று புரிந்துகொண்டேன்.' அப்படி இல்லை ஐயா. உலகம் முழுவதும் அந்தப் பதினான்கும் இல்லாமல் போனால் மொத்த நோயாளிகளில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு நோய் வராமலோ தள்ளியோ போகலாம் என்பதுதான் கணக்கு. ஊர் முழுவதுக்குமான கணக்கைத் தனி ஆளின் ஜாதகமாகப் படிக்கக் கூடாது. உங்களுக்குச் சர்க்கரையே இல்லையென்றால் சர்க்கரையின் பங்கு உங்களுக்கு எதற்கு?

இரண்டாவது, காது மெஷின் மறதியைத் தடுக்கும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டவர்களுக்கு. 2023-இல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். மொத்தக் குழுவில் மெஷின் மாட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கனவே இதய நோய், சர்க்கரை போன்ற அபாயங்கள் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டும் நினைவுச் சரிவு 48 சதவீதம் மெதுவானது. எனவே அது எல்லோருக்கும் கவசம் என்று நான் சொல்லமாட்டேன். கேட்காதவருக்குக் கேட்க வேண்டும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

14.06.2025, மாலை

கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரிசெய்யாத பார்வைக் குறைவு 2024 பட்டியலில்தான் புதிதாக ஏறியது. கண்புரை முகாமுக்கு வேன் வந்தால், 'எனக்கு இந்தப் பார்வை போதும்' என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைக் கையைப் பிடித்து ஏற்றிவிடுங்கள்.

20.06.2025

தூக்கம்.

எலிகளை வைத்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, தூங்கும்போது மூளைக்குள் திரவம் கூடுதலாக ஓடிக் கழிவுகளை அடித்துச் செல்வதைக் காட்டியது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாய்ச்சலுக்கு வாய்க்கால் இருந்தால் மட்டும் போதுமா, வடிகால் தூர்ந்தால் சம்பா அழுகிவிடும். மனிதர்களிடம் நீண்ட காலம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 2021-இல் வந்தது. ஐம்பது, அறுபது வயதுகளில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிடப் பிற்காலத்தில் மறதி நோய் சுமார் 30 சதவீதம் அதிகம்.

அதற்காகத் தூக்க மாத்திரை கேட்டு வந்துவிடாதீர்கள். டயாசிபாம், அல்பிரசோலம் வகையறாக்கள் வயதானவர்களின் நினைவைக் குழப்பும், இரவில் கழிவறைக்கு எழுந்தால் விழவைக்கும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதாமாதம் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். திடீரென்று நிறுத்துவதும் தப்பு, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சாதாரணச் சளி மாத்திரைகூடச் சில பெரியவர்களை இரண்டு நாள் மந்தமாக்கிவிடும். பாட்டிக்குத் திடீர் மறதி என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டிலுள்ள மாத்திரைப் பை முழுவதையும் கொண்டுவாருங்கள் என்பதுதான்.

மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். காபியிலுள்ள கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

21.06.2025

கும்பகோணத்துக்காரர்கள் மூன்று பேர் நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். மாலை நான்கு மணி டிகிரி காபியை எடுத்துவிட்டால் பிறகு நினைவில் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்கிறார் ஒருவர். நன்றாகத் தூங்குகிறீர்கள் என்றால் குடியுங்கள். இரவு ஒரு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் எழுதினேன்.

01.07.2025

மகன் சொன்ன மூளைப் பயிற்சி விளையாட்டுக்கு இப்போதுதான் வருகிறேன். அந்த விளையாட்டை ஆடினால் அந்த விளையாட்டு நன்றாக வரும். அதற்குமேல் அன்றாட நினைவுக்கு என்ன பலன் என்பதற்கு ஆதாரம் மெலிவு. இப்படிப்பட்ட செயலி ஒன்றை விற்ற லூமோசிட்டி நிறுவனம், மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்டியது.

அப்படியானால் மனப்பாடம்? பாடசாலைகளில் பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் பின்னிச் சொல்லப் பழகிய வேத பண்டிதர்கள் 21 பேரின் மூளையைப் படமெடுத்து 2016-இல் ஆய்வு வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் மொழி, நினைவு தொடர்பான பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் கூடுதலாக இருந்தது. இதை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். அவர்கள் சிறு வயதிலிருந்து நாளெல்லாம் அதையே செய்தவர்கள். ஒரு தரம் படமெடுத்ததை வைத்து எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது.

எனக்குத் தெரிந்த கூர்மையான மூளைக்காரர் எங்கள் தெருவில் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர். எண்பதைத் தாண்டியவர். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற கணக்கில்தான் இன்றும் நிலத்தைப் பேசுவார். தெருவில் பாகப்பிரிவினைத் தகராறு என்றால் அவரிடம் வருவார்கள். யாருடைய பாட்டனார் யாருக்கு எத்தனை மா கிரயம் கொடுத்தார் என்பதை அவர் யோசித்து எடுத்துச் சொல்ல வேண்டும், தப்பினால் எதிரே நிற்பவர் சண்டைக்கு வருவார். படித்ததையே மறுபடி படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுப்பது நீண்ட நாள் தங்கும் என்று மாணவர்களை வைத்து 2006-இல் நிறுவியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளைக்கு அந்தத் தேர்வு வாரந்தோறும் நடக்கிறது.

நீடாமங்கலத் தம்பிக்கு ஒரு யோசனை: பஸ்ஸில் பெயர் வரவில்லை என்றால் உடனே கைபேசியில் தேடாதீர்கள். எந்த வகுப்பு, எந்த வாத்தியார், எந்தப் பெஞ்சு என்று உள்ளே தேடுங்கள். வராவிட்டால் அவரிடமே கேளுங்கள். அவருக்கும் உங்கள் பெயர் வராமல்தான் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தாரோ என்னவோ.

02.07.2025

கும்பகோணத்திலிருந்து ஒரு சௌராஷ்டிர அம்மாள், வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுவது நல்லதா என்று கேட்கிறார். ஹைதராபாதில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது, எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எல்லா நாட்டு ஆய்வுகளும் இதை ஒத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகளிடம் சௌராஷ்டிரத்தை விடாதீர்கள் அம்மா. அதற்கு மூளைக் காரணம் தேவையே இல்லை.

12.07.2025

தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு மும்முரம். ஆற்றங்கரையில் காலையில் நடக்கிறேன். நாய்கள் இருப்பதால் கையில் குச்சி.

நடைக்கு ஆதாரம் உண்டு. 55 முதல் 80 வயதுள்ள 120 பேரில் ஒரு பாதியை வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் நடக்கவைத்தார்கள். மறுபாதிக்கு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஓராண்டில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி நடந்தவர்களுக்கு 2 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்குச் சுருங்கியது. 2011-இல் வந்த ஆய்வு, சின்னதுதான். எங்கள் ஊர் ஆண்கள் நடக்கும் விதத்தை அதில் யாரும் சோதிக்கவில்லை. டீக்கடை வரை நடை, அங்கே இரண்டு மெதுவடை, ஒரு மணி நேர அரசியல், திரும்பும்போது யாராவது ஒருவருடைய வண்டியின் பின் இருக்கை.

13.07.2025

வலங்கைமானிலிருந்து ஒரு பெண் சுருக்கென்று கேட்டுவிட்டார்: 'நாள் முழுவதும் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு எதற்கு நடைப்பயிற்சி?' தேவையில்லை. அவர் உடம்பு ஆய்வில் நடந்தவர்களைவிட அதிகம் வேலை செய்கிறது.

ஆனால் அவர் கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துச் சென்றது. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் என்று 2023-இல் மதிப்பிட்டார்கள், ஏறக்குறைய 88 லட்சம் பேர். அதில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். உடலுழைப்பு மட்டும் காப்பாற்றுவதாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பள்ளிக்கூடம் போக முடியாமல் போனது பெரிய காரணம், அதுவும் அந்தப் பதினான்கில் ஒன்று. எங்கள் அம்மா காலத்தில் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்ட பெண்களைப் பார்த்து இப்போது 'வல்லாரை சாப்பிடு' என்று சொல்வது எனக்குக் கசக்கிறது. மகளிர் குழுவில் கணக்கெழுதும் பொறுப்பை எப்போதும் படித்த மருமகளுக்கே தள்ளாமல், ஒரு மாதம் மாமியாரும் எழுதட்டும். முதல் மாதம் தப்பாக எழுதுவார், இரண்டாம் மாதம் உங்களைத் திருத்துவார்.

நடவு இயந்திரம் வந்ததில் இடுப்பு பிழைத்தது, மறுக்கவில்லை. பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே வரிசையில் நின்று ஊர் நியாயம் முழுவதையும் பேசித் தீர்த்த அந்தப் பொழுதுக்கு மாற்று இன்னும் வரவில்லை. இப்போது ஆளுக்கொரு வீட்டில் ஆளுக்கொரு தொடர் ஓடுகிறது.

19.07.2025

நீடாமங்கலத் தம்பியின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பி12 நன்றாகவே குறைவு, தைராய்டு சரி. மருத்துவர் ஊசி தொடங்கியிருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் 'சத்து ஊசி' போடலாமா என்று கேட்பவர்களுக்கு: குறைவு இல்லாதவருக்கு பி12 ஏற்றினால் நினைவு கூடாது, ஊசி வலிதான் மிச்சம்.

30.07.2025

நேற்று முன்தினம் டொரன்டோ மாநாட்டில் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு வெளியாகியிருக்கிறது. 60 முதல் 79 வயதுள்ள 2,111 பேர், இரண்டு வருடம். எல்லோருமே உட்கார்ந்தே காலம் கழித்த, அபாயம் கூடுதலான ஆட்கள். இரண்டு குழுக்களுக்கும் உடற்பயிற்சி, உணவு, மூளைக்கு வேலை, நாலு பேரோடு பழக்கம், இரத்த அழுத்தக் கவனிப்பு என்ற அதே விஷயங்கள்தான். ஒரு குழுவை இரண்டு வருடத்தில் 38 முறை கூட்டி வைத்துக் கூடவே இருந்து நடத்தினார்கள். மற்றக் குழு ஆறு முறை மட்டும் கூடியது, மீதியை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். இரண்டு குழுவுக்குமே சிந்தனைத் திறன் மேம்பட்டது, கூடிக் கூடிச் செய்த குழுவுக்குக் கொஞ்சம் அதிகமாக. பின்லாந்தில் 1,260 பேரை வைத்து 2015-இல் வந்த ஆய்வின் வாரிசு இது.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அந்த 38 என்ற எண். தனியாக உணவை மட்டும் மாற்றிப் பார்த்த ஓர் ஆய்வு 2023-இல் வந்தது, 604 பேர், மூன்று வருடம். மூளைக்கென்றே வகுத்த உணவைச் சாப்பிட்டவர்களுக்கும் வழக்கமான உணவை அளவாகச் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆகவே ஓட்ஸ் வாங்கலாமா, அவகாடோ வாங்கலாமா என்று கேட்டு எழுதியவர்களே, சோற்றைக் குறையுங்கள், கீரையையும் பயறையும் கூட்டுங்கள், மீன் சாப்பிடுபவர்கள் மத்தி வாங்குங்கள். பிறகு கிரில் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள். நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் கூடுங்கள். தாயம் ஆடுங்கள், தேவாரம் படியுங்கள், சண்டை போடுங்கள். நீங்கள் வராவிட்டால் 'ஏன் வரவில்லை' என்று கேட்க ஆள் இருக்க வேண்டும்.

03.08.2025

ஆடிப்பெருக்கு. மாமியார் படித்துறையில் நின்றுகொண்டு என் சித்ரான்னங்களை வரிசையாகக் குறை சொன்னார். காது நன்றாகக் கேட்கிறது. எழுத நேரமில்லை.

10.08.2025

விட்டுப்போனவை.

இரத்த அழுத்தம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒன்பதாயிரம் பேருக்குமேல் வைத்து 2019-இல் வந்த முடிவு: மேல் அழுத்தத்தை 140-க்குப் பதில் 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு நினைவுத் தடுமாற்றத்தின் ஆரம்ப நிலை 19 சதவீதம் குறைந்தது. முழு மறதி நோயில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை உள்ளவர்களை அதில் சேர்க்கவேயில்லை, ஆகவே சர்க்கரைக்காரர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தாங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். நம் ஊரில் தலைகீழ் பிரச்சினைதான் அதிகம். 'பிரஷர் சரியாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்துவார்கள். சரியானதே மாத்திரையால்தான். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, வாங்கி டப்பாவில் சேர்த்து வைப்பவர்களை என்ன செய்வது?

தலைக்கவசம். தலையில் அடிபடுவதும் அந்தப் பதினான்கில் ஒன்று. டிவிஎஸ் 50-இல் முன்னால் உர மூட்டையும் பின்னால் அண்ணியுமாகப் போகும் அண்ணன்மார்களே, ஹெல்மெட் மட்டும் ஏன் கண்ணாடியில் தொங்குகிறது?

புகை, மது. இதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பதை எத்தனை விதமாக எழுதுவது?

11.08.2025

நேற்று எழுத மறந்தது முக்கியமானது. தெளிவாக இருந்த பெரியவர் ஒரு நாளில், இரண்டு நாளில் திடீரென்று உளறினால், ஆளைத் தெரியவில்லை என்றால் அது வயதும் இல்லை, மறதி நோயும் இல்லை. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்து இறங்குதல், சர்க்கரை தாழ்தல், பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்த பெரியவர்களை இப்படிக் கொண்டுவருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை தொய்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், குலதெய்வத்துக்கு முடிந்து வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

17.08.2025

பாபநாசத்திலிருந்து ஒருவர் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியிருக்கிறார், பாட்டரி நான்கு நாளில் தீர்கிறது என்கிறார். அதில் போடும் பொத்தான் பாட்டரியின் மேல் ஒரு சிறு வண்ண ஒட்டுத்தாள் இருக்கும். அதை உரித்ததும் காற்றுப் பட்டு பாட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும், மெஷினை அணைத்து வைத்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். திரும்ப ஒட்டிப் பயனில்லை. ஆகவே அட்டையிலுள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் உரித்து வைக்கச் சொன்ன உறவினரின் யோசனையை விடுங்கள். உரித்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். இரவில் பாட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஐப்பசி மழையில் நம் பக்கத்து ஈரம் மெஷினைத்தான் முதலில் கெடுக்கும். கடையில் கேட்கும்போது எண்ணைச் சொல்லுங்கள்: ஆரஞ்சு நிறத் தாள் என்றால் 13, பழுப்பு என்றால் 312, நீலம் என்றால் 675.